டப்பாவின் மேல் ஒரு ஊர்

ஃப்ரே பெந்தோஸ் எனக்கு போர்ஹேயின் ஊர். குதிரையிலிருந்து விழுந்தபின் எதையுமே மறக்க முடியாமல் போன ஃபூனெஸ் அங்கேதான் இருட்டறையில் படுத்துக் கிடக்கிறான். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது டப்பா இறைச்சியின் பெயர். மோன்டெவிடியோவிலிருந்து பஸ்ஸில் போய், ஒரு பகல் முழுவதும் சுற்றிய பிறகுதான் இரண்டும் ஒன்றே என்பது எனக்கு உறைத்தது.

உருகுவே நதிக்கரை, எதிர்க்கரை அர்ஜென்டினா. 1859ல் ஊர் உண்டானபோது வைத்த பெயர் வில்லா இன்டிபென்டென்சியா. சுதந்திரபுரி என்று வைத்துக்கொள்ளலாம். தோலுக்கும் கொழுப்புக்கும் மட்டுமே மாட்டுக்கு விலை இருந்த அந்தப் பிரதேசத்தில், ஜெர்மன் ரசாயனவாதி லீபிக்கின் முறைப்படி இறைச்சியைக் காய்ச்சிச் சாறு எடுக்கலாம் என்று கண்டவர் கீபர்ட் என்ற எஞ்சினியர். ஒரு கிலோ சாற்றுக்கு முப்பது கிலோவுக்கு மேல் இறைச்சி வேண்டும். 1865ல் லண்டனில் கம்பெனி. 1873லிருந்து டப்பா இறைச்சி. 1900ல் ஊரின் பெயரும் மாறிற்று. சுதந்திரம் போய், உலகம் டப்பாவில் படித்த பெயர் நின்றது. 1917ல் ஈப்ர் அருகே சேற்றில் புதைந்து, ஆட்களோடு நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பிரிட்டிஷ் டாங்கிக்கும் அதே பெயர்தான்.

1924ல் கைமாறி 'ஆங்க்லோ' ஆன ஆலை 1979ல் நின்றது. இப்போது மியூசியம், 2015லிருந்து யுனெஸ்கோ பட்டியலில். ஆபீசில் மேஜைகளும் டைப்ரைட்டர்களும் பேரேடுகளும் அப்படியே இருக்கின்றன. மாட்டின் குரல் ஒன்றைத் தவிர எல்லாமே உபயோகப்பட்டது என்பது அங்கே வழங்கும் பேச்சு. நம் மாடு அம்மா என்று கத்தும். அந்தச் சத்தத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

போர்ஹேயை ஊரற்ற எழுத்தாளராகவே நான் படித்து வந்திருக்கிறேன். அப்படியே எழுதியும் இருக்கிறேன். ஃபூனெஸ் எனக்கு ஞாபகம் பற்றிய ஒரு தத்துவப் புதிராக இருந்தான். கதையில் ஒரு வதந்தி வருகிறது: அவனுடைய தகப்பன், இறைச்சிக்கு உப்பிடும் சாலையில் டாக்டராக இருந்த ஆங்கிலேயன் என்று. அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். கதையில் கதைசொல்லி ஃபூனெஸை முதன்முதலாகப் பார்ப்பது 1884ல். லீபிக் ஆலை அப்போது ஏறக்குறைய இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் பதிவுசெய்து எதையும் யோசிக்காத ஒரு மூளையை அந்த ஊரில் வைத்தது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் ஊரைத் தெரிந்துகொள்ளாமல் கதையைப் புரிந்துகொண்டதாக நான் எழுதியது சோம்பேறித்தனம்.

தொழிலாளர் குடியிருப்பில் இன்னும் ஜனங்கள் இருக்கிறார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட தேசங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்த இடம். ஒரு வாசலில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் ஆலையில் என்ன வேலை என்று கேட்டேன். என் ஸ்பானிஷ் அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வார்த்தையாகப் பதில் சொல்லவில்லை. வலது கை மட்டும் மேலிருந்து கீழாக, ஒரே அளவில், மூன்று தரம் இறங்கியது. பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.