குழாயிலிருந்து பெட்டிக்கு: கீழப்பாவூர் வட்டாரத்தின் ஒலிக்கருவித் தெரிவு குறித்து

தமிழகத்தின் கேட்டல் வரலாறு பெரும்பாலும் இசைத்தட்டு, வானொலி, திரைப்படம் ஆகியவற்றைச் சார்ந்தே எழுதப்படுகிறது. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னையில் தோன்றிய வானொலிக் கழகமும், 1963இல் தொடங்கிய திருநெல்வேலி வானொலி நிலையமும் அதில் இடம்பெறுகின்றன. கீழப்பாவூர், பாவூர்சத்திரம், தென்காசி ஊர்களில் கொடைவிழாவுக்கும் திருமணத்துக்கும் 'ரேடியோ செட்' கட்டியவர்களின் தொழிலறிவோ அரிதாகவே பேசப்படுகிறது. வீட்டுத் திரையரங்குக் கருவிகளின் தெரிவை விளங்கிக்கொள்ள இவ்வறிவே தக்க தொடக்கம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

செட்டின் முதன்மை உறுப்பு, மக்கள் வழக்கில் 'குழாய்' எனப்படும் கூம்பு ஒலிபெருக்கி. அதன் ஓசையைக் கரகரப்பு என்று இகழ்வது நகரத்துச் செவியின் பழக்கம். வயல்களைக் கடந்து அடுத்த ஊரை எட்டவேண்டிய இடத்தில் அதுவே பொருத்தமான தெரிவாக இருந்தது. சிறிய அதிர்தகடு திறந்த வெளியின் காற்றை நேராகத் தள்ள இயலாது; படிப்படியாக விரியும் கூம்பு அவ்வேலையை எளிதாக்குகிறது. பெட்டி ஒலிபெருக்கி தான் பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்கும். கூம்பு அதனினும் பன்மடங்கு ஆக்கும். ஆகவே சிறிய ஆம்ப்ளிஃபயரே போதியதாயிற்று. நீண்ட கம்பியில் ஆற்றல் வீணாகாதிருக்க 100 வோல்ட் இணைப்பும், ஒவ்வொரு குழாயிலும் ஒரு மின்மாற்றியும் பயன்பட்டன.

இதற்கான விலை தாழ்சுருதியில் செலுத்தப்பட்டது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், மரத்தில் கட்டத்தக்க குழாயின் வாய் அதற்குப் போதாது. நாகசுரமும் தவிலின் வலந்தலையும் தொலைவுக்குச் சென்றன; தொப்பியின் முழக்கம் தேய்ந்தது. பேச்சின் மெய்யொலிகள் தெளிவாக நின்றமையால் அறிவிப்புக்குக் குழாய் மிகவும் ஏற்றதாயிற்று. விழா நடக்கிறது என்ற செய்தி அழைப்பிதழுக்கு முன்பே அயலூரை அடைந்துவிடும்!

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. இரவு முழுதும் நீளும் கொடைவிழாவுக்கு இது நேரடி நெருக்கடியாகும்.

வீட்டுக்குள் கேட்போர் இருப்பது மூன்று மீட்டர் தொலைவில். அங்கே பெட்டியே தகும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஐந்தொலி அமைப்பில் முன்பெட்டிகள் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையிலும், சூழொலிப் பெட்டிகள் 100 முதல் 120 பாகைக்குள்ளும் அமையவேண்டும். கான்கிரீட் கூரையும் ஓடு பதித்த தரையும் கொண்ட இன்றைய கூடத்தில் இக்கணக்கு மட்டும் போதாது. மூலையில் வைத்த பெட்டியின் தாழ்சுருதி வீங்கும். வெறுஞ்சுவர் பேச்சைக் குழப்பும். கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் இடுவது, விலையுயர்ந்த கருவிக்கு மாறுவதைவிடப் பல வீடுகளில் கூடுதல் பயன் தரும். இடத்தைப் பார்த்த பின்னரே கருவியை முடிவுசெய்வது செட்டுக்காரரின் வழக்கம். கடைகளில் இம்முறை தலைகீழாகிறது.

இத்துறைக்கான சான்றுகள் ஆவணக்காப்பகங்களில் கிடைப்பன அல்ல. வாடகைக் கணக்கேடுகள், உள்ளூரில் மறுசுற்றுச் செய்த மின்மாற்றிகள், குழாய் கட்டிய முதியோரின் வாய்மொழி ஆகியவையே மூலங்கள். பழைய இரும்பு விலைக்குப் போகும் கருவிகளிலிருந்து இத்தொகுப்பைத் தொடங்கலாம்.