குளிரே முதலாக: நீலகிரி பீர் ஆலைகளும் அவற்றின் உடைமையாளர்களும்

1915 மார்ச் 15 அன்று தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை ஒரே கம்பெனியாக்கினார். காஸில் ப்ரூவரி, நீல்கிரீஸ் ப்ரூவரி, பெங்களூர் ப்ரூயிங் கம்பெனி, சென்னையின் பிரிட்டிஷ் ப்ரூயிங் கார்ப்பரேஷன், பெங்களூரின் பி.பி.பி. ப்ரூவரி ஆகியவை அந்த ஐந்து. புதிய கம்பெனிக்கு யுனைடெட் ப்ரூவரீஸ் என்று பெயரிட்டார். ஐந்தில் மூத்தது 1857இல் தொடங்கிய காஸில் ப்ரூவரி. அதுவும் நீல்கிரீஸ் ப்ரூவரியும் நம் மலையில் பிறந்தவை. பின்னாளில் கிங்ஃபிஷர் என்ற பெயரில் உலகம் சுற்றிய வணிகத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நீலகிரியின் தொழில் வரலாற்றைச் சொல்லும்போது சின்கோனா, தேயிலை, உருளைக்கிழங்கு, அருவங்காடு வெடிமருந்து ஆலை, கேத்தி ஊசி ஆலை, ஃபிலிம் ஆலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். பீர் ஆலைகளை விட்டுவிடுகிறோம். மதுவைப் பற்றிப் பேசுவதில் நமக்குள்ள கூச்சம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். மதுவை நியாயப்படுத்துவது என் நோக்கமில்லை. இந்த மலையின் குளிரையே முதலாகப் போட்டு நடந்த தொழில் ஒன்று இருந்தது, அது எப்படி வளர்ந்தது, ஏன் மலையை விட்டு இறங்கியது என்பதை நம் ஊர் மலரில் பதிவுசெய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

பீர் என்பது பார்லியில் தொடங்குகிறது. தானியத்தை நீரில் ஊறவைத்து, தரையில் பரப்பி முளைக்கவிட வேண்டும். முளை சூடேறிக் கெட்டுவிடாமல் அவ்வப்போது கிளறிக் கொடுக்க வேண்டும். பிறகு அனல் காட்டி உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். அதை உடைத்துச் சுடுநீரில் ஊறவிட்டால் மாவுச்சத்து இனிப்பாக மாறி நீரில் இறங்கும். அந்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்ப்பார்கள். அதன் பின் எல்லாம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஏல் வகை பீருக்கு ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும். வெப்பம் மிஞ்சினால் ஈஸ்ட் தறிகெட்டு வேலை செய்யும். வேண்டாத கிருமிகளும் பெருகிப் பீப்பாய் முழுவதும் புளித்துப்போகும். சென்னையிலோ திருச்சியிலோ மார்கழி இரவில்கூட அந்தக் குளிர் நிலையாகக் கிடைக்காது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் அது ஆண்டு முழுவதும் காசில்லாமல் கிடைத்தது.

அந்தக் காலத்தில் குளிருக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்குச் சென்னைக் கடற்கரையில் இன்றும் ஒரு கட்டடம் சாட்சி. அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்துவைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் அது. இன்று அது விவேகானந்தர் இல்லம். பாதி உலகத்தைச் சுற்றிப் பனிக்கட்டி வந்து இறங்கிய காலத்தில், மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஏறினால் போதும் என்று கணக்குப் போட்டவர்கள்தான் நம் மலையின் முதல் பீர் வியாபாரிகள்.

இந்தக் கணக்கு நீலகிரிக்கு மட்டும் உரியதல்ல. எட்வர்டு டயர் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் ஆலை வைத்தார். 1860இல் தொடங்கிய மரீ ப்ரூவரி கம்பெனி ராவல்பிண்டிக்கு மேலே உள்ள மரீ மலையைத் தேர்ந்தெடுத்தது. இலங்கையில் சாமுவேல் பேக்கர் 1849இல் நுவரெலியாவில் பீர் காய்ச்சினார். வரைபடத்தில் இந்த ஊர்களைக் குறித்துப் பார்த்தால் எல்லாம் மலைகள், எல்லாம் வெள்ளையர் வெயிலுக்குத் தப்பி ஒதுங்கிய இடங்கள். மரீ கம்பெனியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உதகையிலும் ஓர் ஆலை நடத்தியது. வடமேற்கு எல்லையில் பிறந்த கம்பெனி தென்கோடி மலைவரை வந்ததற்கு, இரு இடத்திலும் அதே குளிரும் அதே வாடிக்கையாளரும் இருந்ததே காரணம்.

அந்த வாடிக்கையாளர் பட்டாளத்துக்காரர். குன்னூருக்குப் பக்கத்தில் ஜெக்கதளா என்று அறியப்பட்ட இடத்தில் 1850களில் எழுந்த பாசறைதான் பின்னர் வெலிங்டன் ஆனது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு இந்தியாவில் ஆங்கிலச் சிப்பாய்களின் எண்ணிக்கையை அரசு வேண்டுமென்றே கூட்டியது. அவர்கள் சாராயம் குடித்துச் சாவதைவிட பீர் குடிப்பது மேல் என்று படை மருத்துவர்கள் கருதினார்கள். இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் பீர் வந்து சேர மாதக்கணக்காகும், செலவும் அதிகம். உள்ளூர் ஆலைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறென்ன வேண்டும்? யுனைடெட் ப்ரூவரீஸ் தன் தொடக்கக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போதும், பெரிய பீப்பாய்களில் பீர் ஏற்றிய மாட்டுவண்டிகள் படை முகாம்களுக்குச் சென்றதைத்தான் சொல்கிறது. காட்டுப்பாதைகளின் செங்குத்தான இறக்கத்தில் பீப்பாய் ஏற்றிய வண்டியைக் கட்டுப்படுத்திய வண்டிக்காரர்களின் பெயர்கள் கம்பெனி வரலாறுகளில் வருவதில்லை. அந்த வரலாறுகள் உடைமையாளர்களோடு நின்றுவிடுகின்றன. மால்ட் தரையில் மணிக்கணக்காகக் கிளறியவர்களும் இந்தக் கதையின் சொந்தக்காரர்கள்தான்.

பார்லி இந்த மலைக்குப் புதிதல்ல. சாமை, கோதுமையோடு பார்லியையும் படகர்கள் பயிரிட்டு உணவாகக் கொண்டிருந்தார்கள். பிறகு உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் வந்தன. கடைசியில் தேயிலை வந்தது. தானிய வயல் இருந்த சரிவுகளில் இன்று தேயிலைப் புதர்தான். வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையம் கோதுமையின் துருநோயை ஆராய்ந்துவருகிறது. நீலகிரியின் குளிரில் அந்த நோய்க்கிருமி கோடையிலும் பிழைத்திருந்து, காற்றில் ஏறிச் சமவெளி வயல்களுக்குப் போகிறது என்பதுதான் காரணம். குளிர் தந்ததில் இதுவும் உண்டு.

மலையிடம் இருந்த குளிர் என்ற செல்வத்தைப் பறித்தது ஓர் இயந்திரம். ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே 1870களில் உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் வரவேற்றவர்கள் பீர் ஆலைக்காரர்களே. 1876இல் லூயி பாஸ்டர் பீரின் நோய்களைப் பற்றி எழுதிய நூல், எது ஏன் கெடுகிறது என்பதைத் தெளிவாக்கியது. குளிரை நீராவியால் உண்டாக்க முடியும், கெடாமல் காக்கும் வழியும் தெரியும் என்றான பிறகு, வாடிக்கையாளர் இருக்கும் இடத்திலேயே ஆலை வைக்கலாம் என்றாயிற்று. 1885இல் பெங்களூரில் ஆலை வந்தது. 1903இல் சென்னையிலேயே வந்துவிட்டது. 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்த மலை ரயில் சரக்கு ஏற்றி இறக்குவதை எளிதாக்கியது உண்மை. ஆனால் சமவெளியில் இருப்பவன் ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். லீஷ்மனின் 1915 இணைப்பை ஒரு வெற்றிக் கதையாகவே சொல்வது வழக்கம். நீலகிரியிலிருந்து பார்க்கும் எனக்கு, அது மலை ஆலைகள் தங்கள் தனித்த வாழ்வை முடித்துக்கொண்ட நாளாகவும் தெரிகிறது.

அடுத்த உடைமையாளரின் கதை இன்னும் சுவையானது. விட்டல் மல்லையா 1924இல் டாக்காவில் பிறந்தவர். தந்தை ராணுவ மருத்துவர்; பூர்வீகம் தென் கன்னடத்தின் பண்ட்வாள். கல்கத்தாவில் படித்த இளைஞர், யுனைடெட் ப்ரூவரீஸ் பங்குகளைச் சிறுகச் சிறுக வாங்கினார். 1947இல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு 22, 23 வயது. மறு ஆண்டே தலைவர் பதவி வந்தது. எந்த நேரத்தில் வாங்கினார் என்பதை யோசிக்க வேண்டும். வாடிக்கையாளரான ஆங்கிலப் பட்டாளம் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில், ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. பீர் ஆலைக்கு எதிர்காலம் இல்லை என்று மற்றவர்கள் விற்றுவிட்டுப் போகும்போது வாங்கியவர் அவர். பெங்களூர் மைசூர்ப் பக்கம் இருந்ததால் சென்னையின் சட்டம் அங்கே எட்டவில்லை. 1951இல் சென்னையின் பழம்பெரும் மெக்டவல் கம்பெனியையும் வாங்கினார். மதுவை மட்டும் நம்பியிராமல் கிஸான் ஜாம், மருந்து என்று கிளை விரித்தார். விளம்பரத்தை விரும்பாத, சிக்கனமான மனிதர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள்.

1978இல் கிங்ஃபிஷர் பீர் சந்தைக்கு வந்தது. 1983இல் விட்டல் மல்லையா காலமானதும் மகன் விஜய் மல்லையா தலைவரானார். 2005இல் அவர் தொடங்கிய விமான நிறுவனம் 2012இல் நின்றுபோனதும், கடன் வழக்குகளும், 2016இல் அவர் பிரிட்டன் சென்றதும் எல்லோருக்கும் தெரிந்தவை. 2021இல் யுனைடெட் ப்ரூவரீஸின் பெரும்பான்மைப் பங்கு நெதர்லாந்தின் ஹெய்னெகன் கைக்குப் போனது. வெள்ளையர் தொடங்கி, இந்தியர் வாங்கி, மறுபடி ஐரோப்பியர் கைக்கே சென்ற கம்பெனி அது.

மலையில் என்ன நடந்தது? மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, மீண்டும் இறுகியது, பின்னர் மறுபடி தளர்ந்தது. 1983இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் உருவானது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. ஒருகாலத்தில் தானே பீர் காய்ச்சி வெளியே அனுப்பிய மலைக்கு இப்போது எல்லாப் புட்டிகளும் கீழேயிருந்து லாரியில் ஏறி வருகின்றன. குடித்துவிட்டுக் காட்டிலும் புல்வெளியிலும் வீசும் கண்ணாடி, யானைகளின் காலைக் கிழிக்கிறது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக நீலகிரியில் காலிப் புட்டிகளைத் திரும்பப் பெறும் திட்டம் வந்தது. புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். இங்கே நடந்ததைப் பார்த்துப் பிற மாவட்டங்களுக்கும் அதை விரித்தார்கள்.