பதினெட்டா, இருபத்திரண்டா?

எங்கள் கல்லூரியில் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அப்போது அவருடைய பற்களில் கம்பி கட்டியிருந்தது. சிகிச்சை பாதிதான் முடிந்திருந்தது. இடம் உண்டாக்குவதற்காக இரண்டு பற்களை எடுத்துமிருந்தார்கள். அங்கே அவரைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "பதினெட்டா, இருபத்திரண்டா?" மாணவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கேள்விக்குள் ஒரு நீண்ட வரலாறும் சிறிது இயற்பியலும் அடங்கியுள்ளன.

கம்பி பல்லை அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-இல் நாய்களிடம் சோதனை செய்து இதைக் காட்டினார். எலும்பு அவசரப்படாது. ஆகவேதான் சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இத்துறைக்கு ஒழுங்கு தந்தவர் அமெரிக்கரான எட்வர்டு ஆங்கிள் (1855–1930). மேல், கீழ்க் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் முறையைக் கொண்டு, கோணலான பல்வரிசைகளை 1899-இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். 1928-இல் ஒரு புதிய அமைப்பை வெளியிட்டார். ஒவ்வொரு பல்லின் மீதும் ஓர் உலோகத் தாங்கி, அதில் ஒரு செவ்வகக் காடி, காடிக்குள் கம்பி. காடியின் அளவு 0.022 அங்குலம், அதாவது சுமார் 0.56 மில்லிமீட்டர். இதுதான் 'இருபத்திரண்டு'.

அவர் பயன்படுத்தியது தங்கக் கலவைக் கம்பி. பின்னர் விலை குறைந்த துருப்பிடிக்காத எஃகு அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் அதே தடிமனுள்ள எஃகுக் கம்பி ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பானது. பல்லுக்கோ மென்மையான விசை வேண்டும். என்ன செய்வது? வட்டக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதத்தில் அமையும். 18-ஐ 22-ஆல் வகுத்து நான்காம் படிக்கு உயர்த்துங்கள், சுமார் 0.45 வரும். எஃகின் கூடுதல் விறைப்பு ஏறக்குறைய ஈடாகிவிட்டது! இவ்வாறு 0.018 அங்குலக் காடி பிறந்தது. பழையதும் மறையவில்லை; இன்றும் இரண்டும் வழக்கில் உள்ளன.

வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. ஆங்கிளிடம் பயின்று ஆஸ்திரேலியா திரும்பிய ரேமண்ட் பெக், 1950-களில் மெல்லிய வட்டக் கம்பியைக் கொண்டே பற்களை நகர்த்தும் முறையை வெளியிட்டார். அவருடைய தாங்கியில் ஆங்கிளின் செவ்வகக் கம்பி பொருந்தாது. ஒரு முறையில் தொடங்கிய சிகிச்சையை மற்றொரு முறையில் முடிக்க வேண்டுமானால், தாங்கிகளையே மாற்ற நேரிடும்.

கம்பியை நுழைத்துப் பார்த்துக் காடியின் அளவைக் கண்டுகொள்ளலாம். ஆனால் தொடக்கத்தில் பற்கள் எப்படி இருந்தன, எடுத்த பற்களின் இடத்தை எப்பக்கத்திலிருந்து மூடத் திட்டமிட்டார்கள் என்பதை வாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் துணை ஆவணங்களே. தலையை ஒரே நிலையில் நிறுத்தி எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறையை 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட்டும், ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே வெளியிட்டனர். இந்தப் படமும் ஆங்கிளின் வகுப்பும் எந்நாட்டு மருத்துவருக்கும் புரியும் பொதுமொழிகள்.

நம் மாணவரிடம் இவை எதுவும் இல்லை. ஊரிலிருந்து வந்து சேரும் வரை சிகிச்சை நின்றது. எடுத்த பற்களின் இடைவெளி அப்படியே இருந்தது.

ஆகவே, வெளிநாடு செல்லும் எண்ணம் உள்ளவர்கள் கம்பி கட்டுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பயணம் அருகில் இருந்தால், போய்ச் சேர்ந்த பின் தொடங்குவதா என்று கேட்கலாம். பற்களை எடுப்பதற்கு முன் கேட்பது இன்னும் நல்லது. இடையில் செல்ல நேர்ந்தால், தொடக்க நிலையின் பல் அச்சுகள், எக்ஸ்-கதிர்ப் படங்கள், நிழற்படங்கள், காடியின் அளவு, இப்போதுள்ள கம்பியின் விவரம், சிகிச்சைத் திட்டம் ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். கம்பியைக் கழற்றிவிட்டுச் செல்பவர்களும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் காக்கும் ரிட்டெய்னரை மறக்கலாகாது.

கடவுச்சீட்டு இல்லாமல் நாம் எல்லை கடக்க முடியாது. பாதியில் நிற்கும் சிகிச்சைக்கும் ஒரு கடவுச்சீட்டு வேண்டும்.