குற்றக் காரணக் கோட்பாடுகள்

மனிதர்கள் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்பதை விளக்க 18ஆம் நூற்றாண்டு முதல் முன்வைக்கப்பட்டு வரும் கருத்துகள். அதற்கு முன் ஐரோப்பாவில் குற்றம் பாவத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டது. வதைத்து வாக்குமூலம் வாங்குவது நீதிமன்ற நடைமுறையாகவே இருந்தது.

மிலான் நகரின் செசாரே பெக்காரியா 1764இல் வெளியிட்ட சிறுநூல் அந்த நடைமுறையை எதிர்த்தது. ஆதாயத்தையும் இழப்பையும் எடைபோட்டே மனிதர் குற்றத்துக்குத் துணிகிறார். எனவே தண்டனை கொடியதாக இருப்பதைவிடத் தவறாமலும் தாமதமின்றியும் வருவதே குற்றத்தைத் தடுக்கும் என்றார் அவர். தண்டனையைக் கடுமையாக்கு என்று குரல் எழும்போதெல்லாம் இன்றும் திருப்பிப் பார்க்க வேண்டிய நூல் அது.

அடுத்த நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ விடையை உடலில் தேடினார். ஒரு திருடனின் மண்டையோட்டின் பின்புறத்தில் கண்ட குழியை, ஆதிநிலைக்குத் திரும்பிய மனிதனின் அடையாளமாகக் கொண்டார். பெரிய தாடை, புடைத்த காது, நீண்ட கை உடையவர்களில் ‘பிறவிக் குற்றவாளி’ உண்டு என்று 1876இல் எழுதினார். இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவர்களோடும் படைவீரர்களோடும் ஒப்பிட்டு, அப்படியொரு தனி உடல்வகையே இல்லை என்று 1913இல் காட்டினார்.

ஆனால் குற்றம் பிறப்போடு வருகிறது என்ற எண்ணம், லொம்ப்ரோசோவின் நூலுக்கு முன்பே இந்தியாவில் சட்டமாகிவிட்டது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே குற்றவாளிகளாக்கியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ‘ரேகைச் சட்டம்’ என்று மக்கள் சொன்ன இதன்கீழ் பிரமலைக் கள்ளர்கள் கைரேகை பதிய வேண்டியிருந்தது. ஊர்விட்டுச் செல்ல ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று, ரேகை தர மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீக்கப்பட்டது. ஒரு பிழையான கோட்பாடு எவ்வளவு உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

20ஆம் நூற்றாண்டில் பார்வை சூழலை நோக்கித் திரும்பியது. கிளிஃபோர்ட் ஷாவும் ஹென்றி மெக்கேயும் சிகாகோவின் வட்டாரங்களை ஆராய்ந்தனர். குடியேறிய இனங்கள் மாறி மாறி வந்து போயின. சில பகுதிகளில் மட்டும் இளையோர் குற்றம் குறையவே இல்லை. காரணம் இனத்தில் இல்லை, இடத்தின் சிதைந்த சமூகக் கட்டில் இருக்கிறது என்பது அவர்கள் முடிவு. எல்லோருக்கும் செல்வத்தை இலக்காகக் காட்டி, வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகமே குற்றத்தை வளர்க்கிறது என்றார் ராபர்ட் மெர்ட்டன் (1938). பின்னர் டிராவிஸ் ஹிர்ஷி (1969) கேள்வியையே திருப்பிப் போட்டார்: பெரும்பாலோர் ஏன் குற்றம் செய்வதில்லை? குடும்பம், பள்ளி, நம்பிக்கை ஆகியவற்றோடு உள்ள பிணைப்பே தடுக்கிறது என்பது அவர் விடை.

இவர்களுள் மிகத் துணிந்தவர் எட்வின் சதர்லாந்து. நம் வீடுகளில் ‘சேர்க்கை சரியில்லை’ என்பார்களே, அதற்கு நெருங்கியது அவர் கோட்பாடு: குற்றத்தின் நுட்பத்தையும் அதற்கான நியாயங்களையும் நெருங்கிப் பழகுவோரிடமே மனிதர் கற்கிறார். இது சேரிக்கு மட்டுமன்றி நிறுவன அலுவலகங்களுக்கும் பொருந்தும் என்று கூறி, ‘வெள்ளைக்காலர் குற்றம்’ என்ற சொல்லை 1939இல் அறிமுகப்படுத்தினார். அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களுக்கு எதிரான தீர்ப்புகளைத் தொகுத்து 1949இல் நூலாக்கினார். வழக்குக்கு அஞ்சிய பதிப்பகம் நிறுவனப் பெயர்களை நீக்கச் செய்தது. அவர் 1950இல் இறந்தார். பெயர்களோடு கூடிய முழு நூல் 1983இல்தான் அச்சானது.