தமிழ்நாட்டில் லாட்டரி திரும்ப வருமா?

இன்னைக்கு எடுத்துக்கிட்ட கேள்வி நேரடியானது: தமிழ்நாட்டில் அரசு லாட்டரி திரும்ப வருமா?

டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தா ரெண்டு பதில்தான் கிடைக்கும். "டாஸ்மாக் நடத்துற அரசுக்கு லாட்டரி மட்டும் பாவமா?"ன்னு ஒருத்தர் கேட்பார். "அது வந்தா குடும்பம் குடும்பமா நாசமாப் போகும்"னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டு பேரும் பேசாத மூணாவது விஷயம் ஒண்ணு இருக்கு. அது சட்டம். லாட்டரிங்கிற கதவைப் பாதி திறந்து வைக்க ஒரு மாநிலத்துக்கு அனுமதி கிடையாது. இந்த எபிசோடு முழுக்க அதைப் பத்தித்தான்.

முதல்ல பழைய கதை. லாட்டரி சுதந்திர இந்தியாவோட கண்டுபிடிப்பு இல்லை. கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே கல்கத்தாவில் லாட்டரிப் பணத்தை வச்சு டவுன் ஹாலும் ரோடும் போட்டாங்க. 1870ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 294ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அரசு அனுமதி இல்லாமல் லாட்டரி ஆபீஸ் நடத்தினால் குற்றம். அதாவது சூதாட்டம் தப்புன்னு சொல்லலை. அரசு நடத்தாத சூதாட்டம் தப்புன்னு சொன்னாங்க. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே குற்றம் 297வது பிரிவா இருக்கு.

கேரளா 1967 நவம்பரில் சீட்டு விற்க ஆரம்பிச்சது. ஒரு ரூபாய் சீட்டு, முதல் பரிசு 50,000. குலுக்கல் 1968 குடியரசு தினத்தன்னைக்கு நடந்தது. அதே 1968ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்பது அதற்கான முழக்கம். விளம்பர வாசகமா இதை மிஞ்ச முடியாது. தோத்தவனையும் தேசத்துக்கு நன்கொடை கொடுத்தவனா மாத்திடுது. 1975ல் கருணாநிதி ஆட்சியிலேயே அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. எண்பதுகளில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்ப வந்தது.

அந்தக் காலத்தை நம்ம பக்கத்தோட சேர்த்துப் பாருங்க. ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, அம்பத்தூரில் எஸ்டேட் எல்லாம் அறுபதுகளில் வந்தவை. மாசச் சம்பளக்காரரும் வாரக்கூலிக்காரரும் ஒரே பஸ் ஸ்டாண்டில் நிக்கிற ஊர்கள். லாட்டரிக்கு வேண்டிய ஆளும் இவங்கதான்: கையில் கொஞ்சம் காசு இருக்கும், ஆனா அந்தக் காசு வாழ்க்கையை மாத்தாதுன்னும் தெரியும். தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்ட் கடைகளில் கொடி மாதிரி தொங்கின சீட்டுகள் தமிழ்நாட்டுச் சீட்டு மட்டும் இல்லை. சிக்கிம், நாகாலாந்து, பூட்டான்னு எங்கெங்கேயோ அச்சடிச்சது. சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரின்னு வேகம் கூடிக்கிட்டே போச்சு.

இங்கதான் கேள்வி: வெளிமாநிலச் சீட்டை மட்டும் அரசு ஏன் தடுக்கலை?

தடுக்க முடியாது. அரசியல் சட்டத்தில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34வது இனம். ஆனா அரசுகள் நடத்துற லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலில் 40வது இனம். 1984ல் மகாராஷ்டிரா வெளிமாநிலச் சீட்டுகளைத் தடுக்கப் பார்த்தபோது, அதற்கு உனக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் 1998ல் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் போட்ட பிறகுதான் மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் வந்தது.

அந்தச் சட்டத்தின் 5வது பிரிவு ஒரே வரிதான். மற்ற எல்லா மாநில லாட்டரிகளையும் உன் எல்லைக்குள் நீ தடை செய்யலாம். 1999ல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நிபந்தனை வைத்தது: நீயே லாட்டரி நடத்திக்கிட்டு அடுத்தவனை மட்டும் தடுக்கக் கூடாது. லாட்டரி இல்லாத மாநிலமா இரு, அப்போ எல்லாரையும் தடு. கோடிங் பண்றவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இது ட்ரூ, ஃபால்ஸ் ரெண்டே மதிப்பு உள்ள ஒரு வேரியபிள். நடுவில் எதுவும் கிடையாது. ஆன்லைன் லாட்டரியைத் தனி வகையா பிரிச்சுத் தடுக்கலாம்னு 2015ல் கேரளா வழக்கில் ஒரு விதிவிலக்கு கிடைச்சது. காகிதச் சீட்டுக்கு அது உதவாது.

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் ஒரே அடியாகத் தடை செய்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்கணும். வெளிமாநிலச் சீட்டை நிறுத்தணும்னா சொந்தச் சீட்டையும் விட்டாகணும். அதுதான் விலை. அரசுக்கு வருமானம் போச்சு. சீட்டு வித்துப் பிழைச்ச ஏராளமானவங்க, அதில் மாற்றுத்திறனாளிகள் பலர், ஒரே நாளில் வேலை இழந்தாங்க.

தடைக்குப் பிறகு ஆசை போயிடுச்சா? இல்லை. மூணு நம்பர் லாட்டரி வந்தது. கேரளச் சீட்டோட முடிவில் கடைசி மூணு இலக்கத்தை வச்சு, துண்டுச் சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ ஆடுறது. கணக்கு எளிது: ஆயிரத்தில் ஒண்ணு. ஆயிரம் நாள் தினமும் ஆடினாலும் ஒரு தடவைகூட விழாமல் போக ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு இருக்கு. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே உயிரிழந்தது. கடைசியா அவர் பதிவு செய்த வீடியோவில் மூணு நம்பர் லாட்டரியைத்தான் சொல்லியிருந்தார். தடை இருந்த ஊரில் நடந்தது அது.

சட்டப்படி ஆடணும்னு நினைக்கிறவங்க எல்லை தாண்டுறாங்க. 2023ல் கேரளாவோட 25 கோடி ரூபாய் ஓணம் பம்பர், வாளையாரில் சீட்டு வாங்கின திருப்பூர்க்காரங்க நாலு பேருக்கு விழுந்தது. அது தமிழ்நாட்டில் கள்ளத்தனமா வித்த சீட்டுன்னு கேரள அரசுக்குப் புகாரும் போச்சு.

"அப்போ நாமளே நடத்தி அந்தக் காசை எடுத்துக்கலாமே?" இந்த வாதத்தை ஒதுக்கிட முடியாது. இன்னைக்கு 13 மாநிலங்கள் அனுமதிக்குது. ஆனா காசு எவ்வளவுன்னு பார்க்கணும். கேரளா 2023-24ல் வித்த சீட்டு 12,500 கோடி ரூபாய் அளவுக்கு. அதில் பாதிக்கும் மேல பரிசாவே திரும்பிப் போயிடும். அப்புறம் ஏஜென்ட் கமிஷன், அச்சு, விளம்பரம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். 50 ரூபாய் சீட்டில் வரி மட்டும் 14 ரூபாய்க்கு மேல. அதில் மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. சீட்டு விலையை ஏத்தாம இருக்க, கேரளா பரிசுத் தொகையையும் கமிஷனையும் குறைக்க வேண்டி வந்தது. டாஸ்மாக் மூலம் தமிழ்நாட்டுக்கு 2024-25ல் வந்த வருவாய் 48,344 கோடி. அதை வச்சுப் பார்த்தா லாட்டரி தரப்போறது சின்னத் தொகை. அதுக்காகக் கதவைத் திறந்தா வெளிமாநிலச் சீட்டும் சேர்ந்தே உள்ள வரும். அதுக்கு வரி போடலாம், 2022ல் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு. ஆனா வராதேன்னு சொல்ல முடியாது.

அரசியல் விலை தனி. 2021 ஜூலையில் லாட்டரி திரும்ப வரப்போகுதுன்னு ஒரு பேச்சு கிளம்பினதுமே எடப்பாடி பழனிசாமி எதிர்த்து அறிக்கை விட்டார். அப்படி ஒரு யோசனையே இல்லைன்னு நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மறுத்தார். 2024ல் தேர்தல் பத்திரக் கணக்கு வெளியே வந்தபோது, கோயம்புத்தூர் சான்டியாகோ மார்ட்டினோட ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்தான் நாட்டிலேயே அதிகமா, 1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததா அந்தக் கட்சியே தெரிவிச்சிருந்தது. இதுக்கப்புறம் எந்த அரசு லாட்டரின்னு வாயைத் திறந்தாலும் முதல் கேள்வி "யாருக்காக?"ன்னுதான் வரும்.

அதனால என் கணிப்பு: பக்கத்தில் வராது. காரணம் ஒழுக்கம் இல்லை. கிடைக்கிற காசு குறைவு, கதவைத் திறந்தா அளவு நம்ம கையில் இல்லை.

ஆனா தடை இருக்கிறதே போதும்னு நினைக்கிறதும் தப்பு. 2003ல் மூடினது கடையை மட்டும்தான். அந்தக் கடை இப்போ போனுக்குள்ள, மூணு நம்பரா நடக்குது. பூந்தமல்லியில் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறவர்கிட்ட அது சுலபமா வந்து சேருது. தேர்தல் நேரத்தில் யாராவது லாட்டரி பத்திப் பேசினா, வருமா வராதான்னு மட்டும் கேட்காதீங்க. மூணு நம்பர் ஆட்டத்தைப் பிடிக்க என்ன பண்ணியிருக்கீங்கன்னும் கேளுங்க.