பொன்னிறக் கூந்தலின் விலை

இன்றைக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு காட்சியை முதலில் உங்கள் மனக்கண் முன் நிறுத்த விரும்புகிறேன். இடம், இத்தாலி நாட்டு வெனிஸ் நகரம். காலம், கோடை நண்பகல். வீதியில் நடப்பவர் நிழல் தேடி ஒதுங்கும் அந்த வேளையிலே, வீட்டுக் கூரைகளின்மேல் மரத்தால் அமைத்த சிறு மேடைகளில் பெண்கள் வெயிலை நாடி வந்து அமர்ந்திருக்கிறார்கள். தலையிலே வைக்கோலால் முடைந்த ஒரு தொப்பி. ஆனால் அது விந்தையான தொப்பி. விளிம்பு அகன்றிருக்கிறது, உச்சியோ இல்லை. உச்சியில் உள்ள துவாரத்தின் வழியே கூந்தலை வெளியே எடுத்து, விளிம்பின்மேல் நாற்புறமும் பரப்பிவிட்டிருக்கிறார்கள். முகத்திற்கு நிழல், கூந்தலுக்கு வெயில். ஒரு சிறு கோலின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, ஏதோ ஒரு நீரிலே தோய்த்து, மயிரை நனைப்பதும் உலர விடுவதும் மீண்டும் நனைப்பதுமாகப் பொழுது கழிகின்றது.

இது கற்பனையன்று. ஓவியர் டிஷியனின் உறவினரான செசாரே வெசெல்லியோ என்பவர், உலக மக்களின் உடைகளைப் பற்றி 1590ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் வெளியிட்ட நூலிலே இக்காட்சியைப் படமாகவும் வரைந்து, சொல்லாலும் விவரித்திருக்கின்றார். அந்தத் தொப்பிக்குச் சொலானா என்று பெயர். அந்தக் கூரை மேடைக்கு அல்தானா என்று பெயர். அல்தானாக்களை இன்றும் வெனிஸ் நகரத்துக் கூரைகளின்மேற் காணலாம்.

இப்பெண்கள் இவ்வளவு பாடுபட்டது எதற்காக? கருமையும் கபிலமுமான தம் கூந்தலைப் பொன்னிறமாக்குவதற்காக. இவ்வாசை வெனிஸ் நகரத்திலே தோன்றியதும் அன்று. அந்நகரத்தோடு முடிந்ததும் அன்று. ஆனால் அதன் வரலாறு நெடுகிலும் ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுவதைக் காண்கிறோம். நிறத்தைப் பெறலாம், கூந்தலைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா? அக்கேள்விக்கு ஒவ்வொரு காலத்தவரும் கண்ட விடையையே இப்பேச்சில் ஆராய முற்படுகின்றேன்.

முதலில் உரோமாபுரிக்குச் செல்வோம். கி. மு. 43இல் பிறந்த ஓவிட் என்னும் இலத்தீன் கவிஞர் தம் காதற் பாடல்களுள் ஒன்றைக் கூந்தல் இழந்த ஒரு பெண்ணை நோக்கிப் பாடியிருக்கின்றார். சாயமிடுவதை நிறுத்து என்று நான் எத்தனை முறை சொன்னேன் என அவர் கடிந்துகொள்கிறார். விலாவைத் தொடும்படி நீண்டு, பட்டினும் மெல்லியதாய் இருந்த கூந்தல் அது. சூட்டுக்கோலால் அதைச் சுருட்டினாள், தன் கையாலேயே மருந்து கலந்து தலையிற் பூசினாள், எல்லாம் உதிர்ந்துவிட்டது. இனி உனக்குச் சிறைப்பட்ட ஜேர்மானியப் பெண்களின் கூந்தல் வரும். அதைச் சூடிக்கொள்ளலாம் என்கிறார் கவிஞர். அவளோ உதிர்ந்த மயிரை மடியிலே வைத்துக்கொண்டு அழுகின்றாள். ஏளனமாகத் தொடங்கிய பாடல் அக்கண்ணீரைக் கண்டு இரங்கி, மயிர் மீண்டும் வளரும் என்னும் ஆறுதலோடு முடிகின்றது.

வென்ற நாட்டவர் தோற்ற நாட்டவரின் நிறத்தை விரும்பியது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. கி. பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த பிளினி என்னும் பேரறிஞர், கோல் நாட்டவர் விலங்குக் கொழுப்பையும் மரச் சாம்பலையும் சேர்த்து, மயிரைச் செந்நிறமாக்கும் ஒரு பொருளைச் செய்தனர் என்று எழுதிவைத்தார். அதற்கு அவர் கூறும் பெயர் சாப்போ. சவர்க்காரத்தைக் குறிக்கும் பல ஐரோப்பியச் சொற்கள் இச்சொல்லோடு உறவுடையவை. ஜேர்மானியருள் பெண்களைக் காட்டிலும் ஆண்களே இதனை மிகுதியாகக் கையாண்டனர் என்றும் பிளினி கூறுகின்றார்.

சாம்பலும் வெயிலும் மயிரின் நிறத்தை மாற்றுவது எவ்வாறு? அதையும், அதனால் விளையும் கேட்டையும் உணர்வதற்கு மயிரின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

ஒரு மயிரிழையை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தால், ஓட்டுக் கூரையிலே ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல மேற்புறம் முழுவதும் நுண்ணிய செதில்கள் படிந்திருக்கும். அச்செதில்களின்மேல் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கொழுப்புப் படலம் உண்டு. கூந்தலின் மினுமினுப்பும் வழுவழுப்பும் அதனால் வருவன. செதில்களுக்கு உள்ளே கெரற்றின் என்னும் புரதம் நார்நாராக அமைந்து, கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருக்கின்றது. அந்நார்களிடையே மெலனின் என்னும் நிறப்பொருள் மணிமணியாகச் சிதறிக் கிடக்கின்றது. கருமை தருவது ஒருவகை மெலனின்; செம்மை தருவது மற்றொரு வகை.

நிறத்தை நீக்க வேண்டுமானால் செதில்களைத் திறந்து உட்புகுந்து மெலனினைச் சிதைத்தல் வேண்டும். காரம் செதில்களைத் திறக்கின்றது. ஒட்சியேற்றும் பொருளோ சூரிய ஒளியோ மெலனினைச் சிதைக்கின்றது. ஆனால் உட்புகுந்த பகைவன் மெலனினோடு நின்றுவிடுவதில்லை. கந்தகப் பிணைப்புகளையும் முறிக்கின்றான். மேலிருந்த கொழுப்புப் படலத்தையும் கொண்டுபோய்விடுகின்றான். அதனால்தான் வெளுத்த கூந்தல் நீர் பட்டவுடன் ஊதுகின்றது. எளிதிற் சிக்குண்டு, சீப்பிலே இழை இழையாய் அறுகின்றது.

இன்னுமோர் உண்மையும் உண்டு. இதுவே யாவற்றிலும் முக்கியமானது. தோலுக்கு வெளியே வந்த மயிருக்கு உயிர் இல்லை. கையிலே கீறல் பட்டால் ஆறும். மயிரிலே பட்ட காயம் ஆறாது. மயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீற்றருக்குச் சிறிது கூடுதலாக வளர்கின்றது. இடைவரை நீண்ட கூந்தலின் நுனி ஐந்து ஆண்டுகளுக்கு முன் தலையினின்று வெளிவந்தது. வாரம் இருமுறை தலைமுழுகுபவராயின், அந்நுனி ஐந்நூறு முறைக்குமேல் நனைந்து உலர்ந்திருக்கும். ஐந்து கோடை வெயிலையும் அது கண்டிருக்கும். குட்டை மயிருடையவர் ஒரு பிழை செய்தால் சில மாதங்களில் வெட்டி எறிந்துவிடலாம். நீண்ட கூந்தலுடையவர் ஒரே மாலைப்பொழுதில் ஐந்தாண்டு வளர்ச்சியை இழக்கக்கூடும்.

இப்போது வெனிஸ் நகரக் கூரைக்குத் திரும்புவோம். ஜொவான்னி மாரினெல்லோ என்னும் மருத்துவர் 1562ஆம் ஆண்டில் பெண்களின் அலங்காரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கூந்தலைப் பொன்னிறமாக்கும் முறைகள் பல அதிலே இடம்பெற்றன. சாம்பலைக் கரைத்து வடித்த கார நீர், படிகாரம், கந்தகம், தேன் முதலியன அக்காலத்துக் கலவைகளிற் சேர்ந்த பொருள்கள். இவற்றின் வேலை மந்தமானது. கடுங்கருமையை வெண்பொன்னாக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை. கரிய நிறப்பொருள் முதலிற் சிதைய, செம்மை தரும் நிறப்பொருள் எளிதில் அழியாது எஞ்சி நின்றது. டிஷியனின் ஓவியங்களில் நாம் காணும் அந்தச் செம்பொன் நிறத்தோடு வெனிஸ் நகரின் பெயர் இன்றும் இணைத்துப் பேசப்படுகின்றது. வெயிலும் காரமும் கூந்தலை உலர்த்தவே செய்தன, ஐயமில்லை. எனினும் ஒரு நாளில் முடிக்கவேண்டிய வேலையைப் பல நாள்களிற் பரப்பியதால், கேடு எங்கே தொடங்குகின்றது என்பதைக் கண்டு நிறுத்துவதற்கு அவர்களுக்கு அவகாசம் இருந்தது.

அந்த அவகாசத்தைப் பறித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரசாயனம். 1818இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் தெனார், ஐதரசன் பரவொட்சைட்டு என்னும் சேர்வையைக் கண்டறிந்தார். 1867இல் பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியிலே, இலண்டன் இரசாயனரான தியெலே என்பவரும், பாரிசுச் சிகையலங்காரரான யூகோ என்பவரும் இச்சேர்வையால் மயிரை வெளுக்கச் செய்யும் முறையைக் காட்டினர். கோடை முழுவதும் கூரையில் அமர்ந்து பெற்றதைச் சில மணி நேரத்திற் பெறலாம் என்றாயிற்று. விரைவு வந்தது, அதனுடன் ஓவிட் பாடிய பழைய துயரமும் திரும்பி வந்தது.

அத்துயரத்திற்குப் பெரிய சான்று அமெரிக்கத் திரைப்பட நடிகை ஜீன் ஹாலோ. 1931இல் வெளிவந்த பிளாட்டினம் புளொண்ட் என்னும் படம் அவருடைய வெண்பொன் நிறக் கூந்தலை உலகறியச் செய்தது. எண்ணற்ற பெண்கள் அந்நிறத்தை நாடினர். ஆனால் அந்நிறத்தைக் காப்பதற்கு அவர் தலையில் வாரந்தோறும் பரவொட்சைட்டும் அமோனியாவும் துணி வெளுக்கும் திரவமும் பூசப்பட்டதாகக் கூறப்படுகின்றது. கூந்தல் சிதைந்தது. பின்வந்த படங்களில் அவர் பொய்ம்மயிர் அணியவும், நிறத்தைக் கபிலமாக மாற்றவும் நேர்ந்தது. 1937இல், இருபத்தாறாம் வயதில் அவர் காலமானார். சாயமே அவரைக் கொன்றது என்று ஒரு கதை பரவியது. அது உண்மையன்று, சிறுநீரகம் செயலிழந்தமையே காரணம். எனினும் ஓர் எச்சரிக்கை இங்கே தகும். துணி வெளுக்கும் திரவமும் அமோனியாவும் கலந்தால் நச்சு வாயு எழும். எக்காரணம் கொண்டும் அவற்றைச் சேர்த்தல் ஆகாது.

ஆயின், நீண்ட கூந்தலைக் காத்துக்கொண்டே நிறம் பெறும் வழி இல்லையா? உண்டு. அது மயிரின் இயல்பிலிருந்தே பிறக்கின்றது.

ஆறாத பொருளை இருமுறை காயப்படுத்தலாகாது. ஆகவே முதன்முறை வெளுத்தபின், புதிதாக வளர்ந்த அடிப்பகுதிக்கு மட்டுமே மருந்திடல் வேண்டும். முன்பே வெளுத்த நீளத்தின்மேல் அதனை மீண்டும் பூசுவதே கூந்தல் அறுவதற்குப் பெருங்காரணம். கடுமையான மருந்தைக் குறுகிய நேரம் வைப்பதைக் காட்டிலும் மென்மையான மருந்தை, இடையிடையே வாரக்கணக்கில் ஓய்வு கொடுத்து, படிப்படியாகக் கையாளுதல் நன்று. தலையின் சூட்டினால் அடிமயிர் விரைவில் வெளுக்குமாதலால், முதன்முறை பூசும்போது நடுப்பகுதியில் தொடங்கி அடிப்பகுதியை இறுதியில் விடுவர். முதலில் மறைவான ஓர் இழைக்கற்றையிற் சோதித்துப் பார்த்தலும், சாயமாயின் நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு முன் தோலிற் சோதித்தலும் தவறாது செய்யவேண்டியவை. கரிய கூந்தல் கபிலம், செம்மை, செம்மஞ்சள் எனப் படிகடந்தே மஞ்சளுக்கு வரும். அம்மஞ்சளையும் நீக்க மேலும் வெளுப்பதற்குப் பதிலாக, அதன் எதிர்நிறமாகிய ஊதாவை இலேசாக ஊட்டினால் போதும். கண்ணுக்கு மஞ்சள் தணிந்து தோன்றும். வெளுத்தபின் சூட்டுக்கோலை விலக்குதல், ஈரக் கூந்தலை நுனியிலிருந்து மேல்நோக்கி மெல்லச் சிக்கெடுத்தல், வெயிலில் தலையை மூடுதல், நுனியை அவ்வப்போது கத்தரித்தல் ஆகியனவும் வேண்டும்.

இவ்வரிசையில் நமக்கு மிகவும் பழகிய ஒரு பொருளும் இடம்பெறுகின்றது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிய எண்ணெய் மூன்றையும் நல்ல மயிரிலும் வெளுத்த மயிரிலும் ஒப்பிட்டுப் பார்த்தனர். மயிரினின்று புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே. அதன் கொழுப்பமிலம் சிறிய மூலக்கூறாய் இருப்பதால் இழைக்குள் ஊடுருவவல்லது. தலைமுழுகுவதற்கு முன் எண்ணெய் வைத்த நம் பாட்டிமார் புரதத்தை அறியார், பயனை அறிந்திருந்தனர்.

நம்மவரோடு இவ்வரலாற்றுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. திருப்பதியிலே பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, கடல் கடந்து செல்கின்றது. அதில் ஒரு பகுதி இத்தாலிக்கும் செல்கின்றது. அங்கே கரிய இந்தியக் கூந்தலைக் கடும் மருந்தில் ஒரு மணி நேரம் தோய்ப்பதில்லை. மென்மையான கரைசல்களிலே பல நாள்கள் ஊறவைத்து நிறத்தை மெல்ல மெல்லக் கழிக்கின்றார்கள். விரைவு படுத்தினால் இழை கெடும், இழை கெட்டால் விலை போகாது என்பதை வணிகர் நன்கு அறிவர். பின்னர் அது பொன்னிறமாகி, ஐரோப்பியப் பெண்களின் தலையை அலங்கரிக்கின்றது. அன்று சிறைப்பட்ட ஜேர்மானியப் பெண்களின் கூந்தல் உரோமாபுரிக்கு வந்தது. இன்று வேண்டுதல் நிறைவேறிய ஒருத்தியின் கூந்தல் அதே நாட்டுக்குச் செல்கின்றது. முன்னது பறிக்கப்பட்டது, பின்னது மனமுவந்து அளிக்கப்பட்டது. ஆயினும் அளித்தவளுக்கு அது எங்கே சென்றது என்று பெரும்பாலும் தெரியாது.

நேயர்களே, விற்பனைக்கு வந்த கூந்தலுக்குப் பல நாள் பொறுமை காட்டுகின்ற வணிகனைப் பார்க்கிறோம். தன் தலையில் வளர்ந்த ஐந்தாண்டுக் கூந்தலுக்கு ஒரு மாலைப்பொழுதுக்குமேல் கொடுக்க மனம் வராத அவசரத்தையும் பார்க்கிறோம். பொன்னிறம் வேண்டுவதும் வேண்டாமையும் அவரவர் விருப்பம். வேண்டுவோர், கூரை மேடையில் நனைத்தும் உலர்த்தியும் காத்திருந்த அந்த வெனிஸ் நகரத்துப் பெண்களின் வெயிலை விட்டுவிட்டு, அவர்களுடைய பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்வார்களாக.