கிணற்றில் உப்பும் எண்ணெயும்: இரசாயனப் பிணைப்பு சொல்லும் கதை

யாழ் குடாநாட்டில் ஒரு கிணறு நன்னீரா சவரா என்பது காணியின் பெறுமதியையே மாற்றிவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், வாயில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும். ஆனால் சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது அது நீரின் மேல் படலமாக மிதந்தது. உப்பு ஏன் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது, எண்ணெய் ஏன் ஒதுங்கி நிற்கிறது? க.பொ.த. சாதாரண தர மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இரசாயனப் பிணைப்புப் பாடத்தில் இதற்கான விடை இருக்கிறது.

சோடியத்தின் இலத்திரன் நிலையமைப்பு 2, 8, 1. குளோரீனுடையது 2, 8, 7. சோடியத்தின் கடைசி இலத்திரன் குளோரீனுக்குப் போனால் இரண்டினதும் வெளியோட்டில் எட்டு இலத்திரன்கள் அமையும். சோடியம் நேரேற்றமுள்ள அயனாகவும் குளோரீன் மறையேற்றமுள்ள அயனாகவும் மாறும். இந்த எதிரேற்றங்களுக்கு இடையிலான கவர்ச்சியே அயன் பிணைப்பு. சோடியம் இலத்திரனைக் 'கொடுக்க விரும்புகிறது' என்று வகுப்பறையில் சொல்வதுண்டு. அது முழுதும் சரியல்ல. அந்த இலத்திரனைப் பிரித்தெடுக்கச் சக்தி செலவாகிறது. அயன்கள் ஒன்றையொன்று சூழ்ந்து சாலகமாக அடுக்கப்படும்போது வெளிவரும் பெருஞ்சக்திதான் அந்தச் செலவை ஈடுசெய்கிறது. உப்புக் கல்லில் தனித்தனி மூலக்கூறுகள் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருக்கும். அதனால்தான் உப்பை உருக்க 801 பாகை செல்சியசு வேண்டும்.

நீரில் நடப்பது வேறு. ஒட்சிசனும் ஐதரசனும் இலத்திரனைக் கைமாற்றுவதில்லை, சோடியாகப் பங்கிடுகின்றன. இது பங்கீட்டுவலுப் பிணைப்பு. ஆனால் பங்கு சமமானதல்ல. ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை கூடியதால் சோடி அதன் பக்கம் இழுபடுகிறது. ஆகவே நீர் மூலக்கூறின் ஒரு முனையில் சிறு மறையேற்றமும் மறுமுனையில் சிறு நேரேற்றமும் உண்டு. உப்பைப் போட்டால் இந்த முனைகள் அயன்களைச் சூழ்ந்து சாலகத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன. 100 கிராம் நீர் ஏறத்தாழ 36 கிராம் உப்பை இப்படிக் கரைத்துக்கொள்ளும்.

எண்ணெயிலும் பங்கீட்டுவலுப் பிணைப்புத்தான். ஆனால் காபனும் ஐதரசனும் இலத்திரன்களை ஏறக்குறைய சமமாகப் பங்கிடுவதால் நீர் பிடித்துக்கொள்ள அதில் முனை இல்லை. நீர் மூலக்கூறுகள் தமக்குள் ஐதரசன் பிணைப்பால் பிணைந்து எண்ணெயை வெளியே ஒதுக்கிவிடுகின்றன.

சுன்னாகம் வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. படலம் தெரியாவிட்டால் கிணறு சுத்தம் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. பென்சீன் போன்ற சிறிய மூலக்கூறுகள் சிறிதளவு நீரில் கரையும், அந்தச் சிறிதளவே கூட. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு இடும் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

கொதித்தாறிய நீர் எல்லாவற்றையும் தீர்க்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஊறியது. கிருமிக்கு அது உண்மை. ஆனால் கொதிக்கும்போது ஆவியாவது நீர்தான், அயன்கள் பாத்திரத்திலேயே தங்கிவிடும். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு நம் சுண்ணக்கல் நிலத்திலிருந்து வந்த கல்சியம் காபனேற்று. கொதிக்கும்போது வீழ்படிவாவதால் இது ஒரு விதிவிலக்கு. நைத்திரேற்று அப்படி வீழ்படிவாகாது. அது உள்ளே நைதரசனும் ஒட்சிசனும் பங்கீட்டுவலுவால் பிணைந்த, வெளியே மறையேற்றம் கொண்ட அயன். தோட்டத்துக்கு இடும் யூரியா பங்கீட்டுவலுச் சேர்வை. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதைப் படிப்படியாக நைத்திரேற்றாக்க, அது மழையோடு கிணற்றுக்கு இறங்குகிறது. மலசலகூடக் குழியிலிருந்தும் வருகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசன் காவும் திறனை இழக்கக்கூடும். அந்த நீரை நெடுநேரம் கொதிக்கவைத்துப் பால்மா கரைத்தால் நைத்திரேற்றுச் செறிவு கூடுமே தவிரக் குறையாது.

2004 ஆழிப்பேரலையின் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகள் உவராகின. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலேறும் என்று அப்போது எச்சரிக்கப்பட்டது. நெடுங்காலம் கைவிடப்பட்ட காணிக்குத் திரும்பி, கடலோரக் கிணற்றை மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

உவரை அளப்பது எளிது. அயன்கள் நீரில் நடமாடி மின்னைக் கடத்துவதால் மின்கடத்துதிறன் மானியை அமிழ்த்தியதும் இலக்கம் தெரியும். எண்ணெய் அயனாகப் பிரியாததால் அந்த மானிக்கு அது தென்படாது. நைத்திரேற்றையும் மற்ற உப்புகளிலிருந்து மானி பிரித்தறியாது. கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது நைத்திரேற்றையும் எண்ணெயையும் தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.